காகிதத்தில் ஒரு கருவறை

மகாளய அமாவாசை நெருங்கியதும், பரண்மேல் இருக்கும் பெட்டிகளைப் பற்றிய பேச்சு கொலு வைக்கும் இல்லங்களில் எழுந்துவிடும். பழைய வேட்டித் துணி சுற்றி வைத்த மண் பொம்மைகளை இறக்கித் தர முன்பு வீட்டில் ஆள் இருந்தது. அடுக்ககக் குடியிருப்பில் தனித்திருக்கும் எழுபது வயதுத் தம்பதியருக்கோ ஏணியில் ஏறுவதே ஆகாத காரியம். ஒன்பது படி ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, சில இல்லங்களில் கலசமும் மரப்பாச்சி இணையும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அதில் குறை ஒன்றுமில்லை; அம்பிகை படிகளை எண்ணிப் பார்த்து அருள்பவள் அல்லள். ஆனால் படிகளுக்குப் பக்கத்தில், தரையில், குழந்தைகள் அமைத்த சிறு உலகமும் உடன் மறைந்து வருவதுதான் வருத்தத்துக்குரியது. கடுகும் கேழ்வரகும் முளைவிட்ட வயல், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெப்பக்குளம், மண்மேட்டின் உச்சியில் முருகன் என்று கொலுவில் குழந்தைகளின் கை பட்ட இடம் அது ஒன்றே.

அந்த இடத்தில் காகிதத்தாலும் அட்டையாலும் ஒரு சிறு கோயிலை அமைக்கலாம். கோயில் முழுவதும் வேண்டியதில்லை. கருவறை ஒன்று போதும். அறைகளுள் அதுவே மிக எளியது: நான்கு சுவர், ஒரு வாசல், சன்னல் கிடையாது. அதுவே மிகக் கடினமானதும் ஆகும். ஏனெனில், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் எது இருக்க வேண்டும், எது இருக்கலாகாது என்பதற்கு முறை உண்டு. அந்த முறை தெரிந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியுமே.

எந்தக் கோயிலின் கருவறை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலையும் செய்ய ஆசை எழுவது இயல்பு. தஞ்சாவூரின் நெட்டி வேலைக் கலைஞர்கள் அவற்றைத் தண்டின் வெண்மை மாறாமல் செதுக்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்துத் தருகிறார்கள். நீர்நிலைகளில் வளரும் நெட்டித் தக்கையில் செய்யப்படும் அக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவர்களோடு போட்டியிட வேண்டிய அவசியம் இல்லை. பெரிய கோயிலுக்குப் படங்கள் ஆயிரம் உண்டு. பேரப்பிள்ளைகள் பார்த்திராத சொந்த ஊர்ச் சிவன் கோயிலுக்கோ, குலதெய்வத்தின் சிறு சந்நிதிக்கோ அப்படிப் படங்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவை அண்மைக் காலத்தவையாக இருக்கும். குடமுழுக்குத் திருப்பணியில் முன்னால் கான்கிரீட் மண்டபம் எழுந்து, தரையில் பளபளக்கும் கல் பதித்து, சுவரில் வண்ணம் பூசிய பிறகு எடுத்தவை. ஓட்டுச் சாய்ப்பும், தேய்ந்த கருங்கல் படியும், எண்ணெய் ஊறிய வாசற்காலும் இருந்த பழைய கோயில், அதைச் சிறுவயதில் கண்டவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காததால் பத்து ஆண்டுகளாக ஊருக்கே போகாத பெரியவர்களின் நெஞ்சில் அந்தக் கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

நெஞ்சில் கோயில் கட்டிய அடியவரைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் எழுப்பப் பொருள் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை. எனவே மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்தார். நல்ல நாளில் அடிநிலை இட்டார். விமானம் எழுப்பினார், சிகரத்தில் தூபி நட்டார், மதில் சூழ்ந்தார், கிணறும் குளமும் எடுத்தார். பிறகு குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று பூசலார் ஆலயத்துக்குச் செல்லவிருப்பதாகவும், மன்னன் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றும் அருளினார் என்பது வரலாறு. திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் அந்த நிகழ்வைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பூசலார் ‘ஒரு கோயில்’ என்று பொதுவாக நினைத்து நிறுத்திவிடவில்லை. அடிநிலை முதல் தூபி வரை ஒவ்வோர் உறுப்பாக, வரிசை மாறாமல், காலம் எடுத்துக்கொண்டு கட்டினார். காகிதத்தில் கட்ட அமர்பவர்களுக்கும் அந்த வரிசைதான் துணை.

எட்டுப் பங்கும் ஆறு உறுப்பும்

தென்னாட்டு விமானத்துக்குச் சிற்ப நூல்கள் ஆறு உறுப்புகளைச் சொல்கின்றன. கீழே அதிட்டானம் எனும் அடிப்பீடம். அதன்மேல் பாதம் எனப்படும் சுவர்ப் பகுதி. அதற்குமேல் பிரஸ்தரம் எனும் கூரை வரி. பின்னர் கிரீவம் எனும் கழுத்து, சிகரம் எனும் தலை, உச்சியில் ஸ்தூபி. ஒருநிலை விமானத்தின் உயரத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அடிப்பீடத்துக்கு ஒன்று, சுவருக்கு இரண்டு, கூரை வரிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, சிகரத்துக்கு இரண்டு, ஸ்தூபிக்கு ஒன்று என வகுப்பது ஒரு மரபு. ஓரடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், பன்னிரண்டடிச் சதுரமுள்ள சிற்றூர்க் கருவறை பன்னிரண்டு அங்குலச் சதுரமாகும். உயரத்தை இருபத்துநான்கு அங்குலமாகக் கொண்டால், ஒரு பங்கு மூன்று அங்குலம். மூன்று, ஆறு, மூன்று, மூன்று, ஆறு, மூன்று. அளவுகோலோடு அமரும் எட்டு வயதுக் குழந்தைகூடப் பிழையின்றிக் குறித்துவிடும். மேசையில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளலாம், விகிதம் மாறாது. கோயிலின் அழகு கல்லில் இருப்பதைக் காட்டிலும் இந்த விகிதத்தில் இருக்கிறது என்பது வெள்ளை அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்க்கும்போது விளங்கும்.

சுவருக்கு நாட்காட்டியின் அடியட்டை நன்றாக அமையும். வளையாது, கனமும் மிகாது. பட்டுப்புடவை வரும் பெட்டியும் ஏற்றது. காலணிப் பெட்டியைப் பெரியவர்கள் ஒதுக்குவார்கள்; அதில் விவாதம் வேண்டாம், வேறு அட்டை கிடைக்காத வீடு கிடையாது. கருவறைச் சுவர் தடித்தது. ஒற்றை அட்டையை நிறுத்தினால் அது பெட்டியாகத் தெரியுமேயன்றிக் கருவறையாகத் தெரியாது. ஆகவே வெளியே ஒரு சுவர், இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு சுவர் என இரண்டு பெட்டிகளாகச் செய்து, ஒன்றனுள் ஒன்றை வைக்க வேண்டும். வாசலில் அந்த இடைவெளியை மூடி ஒட்டியதும், ஆழமான கல் நிலைப்படியின் தோற்றம் வந்துவிடும். வாசல் ஐந்து அங்குல உயரம் போதும். பழைய கருவறை வாசல்கள் தாழ்வானவை. குனிந்து வணங்கியே உள்ளே காண வேண்டும்.

அடிப்பீடத்தின் வரிகளுக்குப் பழைய திருமண அழைப்பிதழ்கள் உதவும். அட்டைகளைக் கீற்றுகளாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று, சற்று உள்ளே, சற்று வெளியே என அடுக்கி ஒட்டினால் பட்டிகையும் கண்டமும் தாமே உருவாகும். அழைப்பிதழில் பிள்ளையார் உருவமோ பெருமாள் உருவமோ இருந்தால், கத்தரிக்கோல் அதன் குறுக்கே போகாமல் சுற்றி வெட்டித் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நலம். வாசலின் மேல் அது தேவைப்படும். தூண்களுக்கு ஊதுவத்திக் குச்சியின்மேல் செய்தித்தாளை இறுகச் சுற்றி ஒட்டி, குச்சியை உருவிவிட்டால் போதும்.

சிகரத்தில்தான் கைத்திறனுக்கு வேலை. சதுரமானால் நாகரம், எண்பட்டையானால் திராவிடம், வட்டமானால் வேசரம் என்று தென்னாட்டு நூல்கள் பெயரிடுகின்றன. சொந்த ஊர்க் கோயிலின் சிகரம் இவற்றுள் எது என்று கேட்டால், அறுபது ஆண்டுகள் கும்பிட்டவர்களும் ஒரு கணம் திகைப்பார்கள். சதுரத்துக்கு நான்கு இதழ், எண்பட்டைக்கு எட்டு இதழ் அட்டையில் வெட்டி, மெல்ல வளைத்து, நுனிகளைச் சேர்க்க வேண்டும். வட்டமானால் அட்டை உதவாது, காகிதக்கூழ்தான் வேண்டும்.

காகிதக்கூழ் என்றதும் மூத்த பெண்மணிகளின் முகம் மலர்வதைக் காணலாம். புது முறத்தின் இடைவெளிகளை அடைக்கக் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துப் பூசியது அவர்களுக்குப் பழகிய வேலை. அந்தக் கூழைக் குடத்தின்மேலும் கிண்ணத்தின்மேலும் அப்பிக் காயவைத்து, கழற்றியெடுத்து, தானியம் கொட்டி வைக்கும் கூடையாக்கிய வீடுகள் பல. அதே பக்குவம் இங்கும் பொருந்தும். செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். வெந்தயத்தைத் தனியே ஓரிரவு ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து மைய அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பே பசையாகிவிடும். பாதிக் கொட்டாங்கச்சியின்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழை அரை அங்குலக் கனத்துக்கு அப்பி நிழலில் வைத்தால், நாலைந்து நாளில் வட்டச் சிகரம் உலர்ந்து கையில் வரும். வெயிலில் அவசரமாக உலர்த்தினால் வெடிக்கும். பெரிய சிகரத்துக்கு ஒரு கிண்ணத்தை அச்சாகக் கொள்ளலாம். புதுச்சேரியின் திருக்கனூர்ப் பகுதியில் இன்றும் காகிதக்கூழ்ப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. எடை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது என்பதால் முதிய கைகளுக்கு மண் பொம்மையைக் காட்டிலும் இது இசைவானது.

மற்ற இடங்களில் ஒட்ட மைதாப் பசை போதும். சுவரொட்டி ஒட்டுபவர்களைப் போல் அதில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. அது நஞ்சு, குழந்தைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்வதே நல்லது.

நந்தி எந்தப் பக்கம் பார்க்கும்?

சுவர்கள் நின்ற பின்னர்தான் உண்மையான உரையாடல் தொடங்குகிறது. “தாத்தா, இதை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?” என்ற முதல் கேள்வியிலேயே கோயில் சாத்திரம் வந்துவிடும். கிழக்கு நோக்கிய சிவாலயமானால், கருவறையின் தென்புறக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி, பின்புறமான மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரமன். முன்னுள்ள அர்த்த மண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையார், வடசுவரில் துர்க்கை. அபிடேக நீர் வெளியேறும் கோமுகி வடபுறம். அதன் அருகில் தனிச் சிறு சந்நிதியில் சண்டிகேசுவரர். நந்தி சுவாமியை நோக்கியே அமர்ந்திருக்கும். வாசலுக்குப் புறம் காட்டி வைத்துவிட்ட குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பி வைக்கும்போது சொல்லப்படும் காரணம், அதன் மனத்தில் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கிறாரே, அங்கே தட்சிணாமூர்த்தியும் திசை மாறுவாரா என்று விவரமான குழந்தை கேட்கும். மாற மாட்டார். சுவாமி கிழக்கு நோக்கினும் மேற்கு நோக்கினும், தென்முகக் கடவுள் தென்முகமாகவே இருப்பார். பெருமாள் கோயிலானால் கணக்கே வேறு: எதிரே கைகூப்பிய கருடன், பெருமாளின் வலப்புறம் தாயார் சந்நிதி, இடப்புறம் ஆண்டாள். கருவறையோடு நிறுத்தாமல் ஒரு திருச்சுற்றும் அமைக்க விரும்புவோர், தென்கிழக்கு மூலையில் மடைப்பள்ளிக்கு இடம் விட வேண்டும். அது அக்கினியின் திசை. சிவாலயத்தில் கன்னி மூலையான தென்மேற்கில் பிள்ளையாரும், வடகிழக்கில் நவக்கிரகமும் பைரவரும் பெரும்பாலும் அமைவர்.

கோட்டத் தெய்வங்களுக்குப் பழைய ஆன்மிக இதழ்களின் சிறு படங்கள் போதும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பெரியவர்களின் நினைவுக்கும் சோதனை. கருவறைக்கு ஏறும் படிகள் மூன்றா, ஐந்தா? துவாரபாலகர் கல்லா, சுதையா? விளக்கு தொங்கியது வாசலின் நடுவிலா, ஒரு பக்கமா? ஆயிரம் முறை தரிசித்த இடம். கண்கள் சுவாமியின்மேல் இருந்ததால் படிகளை எண்ணியதில்லை. ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரரையோ, கோயில் குருக்களையோ தொலைபேசியில் அழைத்துக் கேட்க நேரும். பல ஆண்டுகளாகப் பேசாத உறவு ஒன்று, “படி மூன்றுதான் அண்ணா, நாலாவது மண்ணில் புதைந்துவிட்டது” என்ற ஒரு சொல்லில் மீண்டும் துளிர்ப்பதும் உண்டு. அந்த நாலாவது படியைக் காகிதத்தில் வைப்பதா, விடுவதா என்பதை வீட்டார் கூடி முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தக் காகிதக் கருவறையில் ஆவாகனம் செய்து பூசிக்கலாமா என்ற ஐயம் எழும். சிற்ப மரபு முழு உருவத்தைச் சித்திரம் என்றும், புடைப்புருவத்தைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலும் துணியிலும் தீட்டிய படத்தைச் சித்திராபாசம் என்றும் பகுத்து, ஓவியத்துக்கும் இடம் தந்திருக்கிறது. மணல், அன்னம், மலர் முதலியவற்றால் அமைத்து, வழிபட்ட உடனே விட்டுவிடும் க்ஷணிக லிங்க முறையும் ஆகமங்களில் உண்டு. இருந்தாலும் கொலுவில் பூசைக்குரியது கலசம். அதற்குச் செய்யும் வழிபாட்டோடு நிறுத்திக்கொண்டு, காகிதக் கோயிலைத் தரிசனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே குழப்பமற்ற வழி. உள்ளே எழுந்தருளச் செய்ய அந்தச் சுவாமியின் சிறு படம் போதும்.

சிதம்பரத்தைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தார்க்கு வேறொரு வாய்ப்பு உண்டு. சிற்சபை கல் விமானம் அன்று. மரச் சட்டங்களின்மேல் பொன் வேய்ந்த கூரை, குடிசையின் சாய்வில் இறங்குவது. காகிதத்தை மடித்தாலே அந்த வடிவம் வந்துவிடும். அதில் வேய்ந்த பொன்னோடுகள் இருபத்தோராயிரத்து அறுநூறு என்றும், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்றும் பெரியோர் சொல்வர். பொற்காகிதத்தில் வரி வரியாகக் கோடு கிழித்துவிட்டால் ஓடுகள் ஆயின. ஒன்பது கலசங்களுக்கு ஒன்பது மணிகள். நடராசப் பெருமானின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு திரையிட்டு, அதன் பின்னே தங்க வில்வமாலையாகப் பொற்காகிதத் துணுக்குகளைத் தொங்கவிட வேண்டும். அங்கே எந்த உருவத்தை ஒட்டுவது என்று குழந்தை கேட்கும். ஒன்றும் ஒட்ட வேண்டாம், வெட்டவெளியாகவே இருக்கட்டும் என்று பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கலாம்.

ஒளி அமைப்பதில் கவனம் மிக அவசியம். காகிதத்துக்குள்ளோ அதன் அருகிலோ அகல் விளக்கு வைத்தல் ஆகாது. கொலுவின் முன் ஏற்றும் குத்துவிளக்குக்கும் காகிதக் கோயிலுக்கும் இடையே மூன்றடியாவது விலகல் இருக்கட்டும்; மின்விசிறிக் காற்றில் தோரணம் பறந்து சுடரைத் தொடுவது நொடியில் நேரும். உட்சுவரில் கறுப்புக் காகிதம் ஒட்டி, மேற்கூரையில் பொத்தான் அளவு துளையிட்டு, மின்கலத்தில் எரியும் சிறு விளக்கைச் சிகரத்தின் உட்புறத்தில் வைத்து, துளையை மஞ்சள் காகிதத்தால் மூடினால் போதும். அறை இருண்டிருக்க, சுவாமியின் முகத்தில் மட்டும் நெய்விளக்கின் நிறம் படியும். வெளியறை விளக்கை அணைத்துவிட்டு, தரையில் அமர்ந்து, அந்த ஐந்து அங்குல வாசலின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். தரையில் அமர இயலாதவர்களுக்காகக் கோயிலை மேசையின்மேல் வைப்பது நலம்; நாற்காலியில் இருந்தபடியே தலைதாழ்த்தினால் தரிசனம் கிடைக்கும்.

விஜயதசமி இரவு பொம்மை ஒன்றைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்த பிறகு, மற்றவற்றோடு காகிதக் கோயிலும் பெட்டிக்குள் போக வேண்டும். சுவர்களின் மூன்று மூலைகளை ஒட்டி, நான்காவதைச் செருகலாக விட்டிருந்தால் அது பாய்போல் மடங்கிவிடும். சிகரத்தையும் ஸ்தூபியையும் தனித்தனியே துணியில் சுற்றி வைக்கலாம். உலர்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் உடன் இருந்தால் பூச்சி அண்டாது. வெந்தயக் கூழ் பூச்சிகளுக்குப் பிடித்தமானது என்பதால் சிகரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயம். நனைந்தோ கிழிந்தோ வீணானால், தெய்வப் படங்களை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, மற்றக் காகிதத்தை நீரில் கரைத்துச் செடியின் வேரில் ஊற்றிவிடலாம். பொற்காகிதமும் சரிகைத் தாளும் கரையா. அவற்றை முன்பே உரித்துவிட வேண்டும்.

மடிப்பதற்கு முன் ஒரு வேலை. அடியட்டையின் கீழ்ப்புறத்தில், அழியாத மையில், ஊரின் பெயர், அங்கே போகும் வழி, சுவாமியின் பெயர், அம்பாளின் பெயர், கோயில் நோக்கும் திசை, குடும்பத்தார் மரபாகச் செய்துவந்த கட்டளையோ மண்டகப்படியோ இருந்தால் அதன் நாள், அளவுக் கணக்கு, செய்தவர்களின் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர் தம் கையெழுத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதற்கடியில் அடுத்த ஆண்டு சேர்க்க வேண்டியதைக் குழந்தை தன் கையால் எழுதட்டும்: நந்தி மண்டபம், பலிபீடம், வில்வமரம், கிணறு.